முதியோர் சங்கம்: கலெக்டரிடம் எதைக் கேட்பது? (தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களுக்கு)

1. பாலக்கோட்டான்

பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து முதியோருக்காக ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களில் பாதிப் பேருக்கு பெங்களூரில் வேலை, மற்றவர்களுக்கு ஓசூர், திருப்பூர். ஞாயிறு சாயங்காலம் நாங்கள் பஸ் ஏறிவிட்டால் ஊரில் மிச்சம் இருப்பது வயசானவர்களும் ஆடுமாடும்தான். யாருக்காவது ராத்திரி நெஞ்சு வலித்தால் 108-க்குப் போன் போடக்கூட ஆள் கிடையாது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கூட்டமாகப் போய் மனு கொடுப்பதாகத் திட்டம். இப்போதைக்கு எழுதி வைத்திருக்கும் கோரிக்கைகள்: முதியோர் உதவித்தொகையை 3,000 ரூபாய் ஆக்க வேண்டும், தாலுகாவுக்கு ஒரு முதியோர் இல்லம், பஸ்ஸில் இலவசம், அரசு ஆஸ்பத்திரியில் தனி வார்டு. வேறு என்ன சேர்க்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2. அரூர் டீச்சர் (ஓய்வு)

தம்பி, நல்ல காரியம். ஆனால் எந்த வாசலில் எதைக் கேட்கிறோம் என்று பாருங்கள். உதவித்தொகையை உயர்த்தும் அதிகாரம் கலெக்டருக்குக் கிடையாது. அது சென்னையும் டெல்லியும் முடிவு செய்கிற விஷயம். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-இல் 1,000 ஆனது. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அசையவே இல்லை. 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆக்கினார்கள். மத்திய அரசின் பங்கு இன்னும் மோசம். 80 வயதுக்குக் கீழே இருந்தால் 200 ரூபாய், மேலே போனால் 500. அந்த 200 என்பது 2007-இல் கொடுத்த அதே 200.

இதைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.விடமும் கேளுங்கள். கலெக்டரிடம் போனால் கலெக்டர் செய்யக்கூடியதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் மனுவுக்கு ஒரு நம்பர் கொடுத்து, "அரசின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் வரும். சங்கத்தின் முதல் மனுவே அப்படிப் போனால் அடுத்த திங்கட்கிழமை உங்கள் பின்னால் யாரும் வரமாட்டார்கள்.

கலெக்டர் என்ன செய்ய முடியும்? எங்கள் தெருவில் ஒரு பாட்டி. வருஷக்கணக்காகப் புளி உடைத்துக் கொட்டை எடுத்தவர், கட்டைவிரல் வழவழவென்று ஆகிவிட்டது. மாசம் ஒருமுறை வங்கி முகவர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவார், மடியில் ரேகை பார்த்து உதவித்தொகை கொடுக்கும் சின்ன மெஷின். பாட்டி விரலை முந்தானையில் துடைப்பார், தலைமுடியில் தேய்ப்பார், அழுத்துவார். சிவப்பு லைட். அடுத்த விரல். சிவப்பு லைட். பத்து விரலும் முடிந்ததும் முகவர் "சர்வர் இல்ல பாட்டி, நாளைக்கு வா" என்பார். சர்வர் இருக்கிறது, ரேகைதான் இல்லை. அதைப் பாட்டியிடம் சொல்ல அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான். இந்தப் பாட்டிக்கு 1,200 என்றாலும் 3,000 என்றாலும் ஒன்றுதான்.

3. ஓசூர் ஷிப்ட்

டீச்சர் சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. 1,200 ரூபாயை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 40 ரூபாய். எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டு டீயும் ஒரு வடையும் வரும். தொகை ரொம்பக் குறைவு என்பதுதான் முதல் அநியாயம், அதைச் சொல்லாத சங்கம் எதற்கு? முகவர், மெஷின் என்று சின்னச் சின்ன விஷயத்தில் இறங்கினால் அதிலேயே காலம் போய்விடும்.

இன்னொன்றும் கேட்கிறேன். நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றவர்களைத் திண்ணையில் தள்ளிய பிள்ளைகளை என்ன செய்யப் போகிறீர்கள்? அரசாங்கத்தைக் கேட்பதற்கு முன்னால் அவர்களைக் கேட்க வேண்டாமா?

4. பத்திரக்காரர், கிருஷ்ணகிரி

மூன்றாவது பதிவில் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், என் தொழிலே அதுதான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. தலைமையில் தீர்ப்பாயம். தருமபுரி மாவட்டத்துக்கு தருமபுரி, அரூர். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு கிருஷ்ணகிரி, ஓசூர். வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவு போடலாம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கிற அல்லது அது வந்து சேரப்போகிற உறவுக்காரர் மேல் மனு போடலாம்.

சொத்து விஷயம் 23-ஆவது பிரிவு. "என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்து, பிள்ளை பார்த்துக்கொள்ளவில்லை என்றால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று சொல்லலாம். இங்கேதான் வில்லங்கம். பத்திர ஆபீஸுக்கு வரும் பெரியவர்களில் அநேகம் பேர் அந்த ஒரு வரியை எழுத விடுவதில்லை. "என் மவன் மேல எனக்கு நம்பிக்கை இல்லியா? அதெல்லாம் போட வேணாம்" என்பார்கள். பக்கத்தில் மகன் நின்றுகொண்டிருப்பான், வேறு என்ன சொல்வார்கள். ஒரு தாய் மகனுக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்தது சரிதான் என்று உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. மூத்தவர்களுக்குச் சாதகமாகவே இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

சங்கம் ஆரம்பிப்பவர்களுக்கு ஒன்று. தானே மனு போட முடியாத நிலையில் இருப்பவர் அதிகாரம் கொடுத்தால், அவர் சார்பில் ஒரு அமைப்பே மனு போடலாம். சட்டத்திலேயே இருக்கிறது. பதிவு செய்த சங்கமாக இருங்கள், ரசீது புத்தகமும் பேனரும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

5. அரூர் டீச்சர் (ஓய்வு)

பத்திரக்காரர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் மனு போட வைப்பதுதான் பாடு. "மகன் மேல கேஸ் போட்டவ" என்று ஊர் பேசும். பேரன் பேத்தியைக் கண்ணில் காட்டமாட்டார்கள். அந்த பயத்தில் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பேசாமல் கிடப்பவர்கள் எத்தனையோ பேர். ஆகவே முதலில் சங்கத்து ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் பேசட்டும், சட்டம் கடைசியில் இருக்கட்டும். சட்டத்திலும் விசாரணைக்கு முன் சமரசத்துக்கு அனுப்ப வழி வைத்திருக்கிறார்கள்.

14567 என்று முதியோருக்கான இலவச உதவி எண் இருக்கிறது. அதை எல்லா ரேஷன் கடைச் சுவரிலும் பெரிதாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

6. தளி மலை

எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கணக்கில் எடுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி. இங்கே பாட்டிமார்கள் பாதிப் பேர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோதான் பேசுவார்கள். தமிழில் அச்சடித்த படிவத்தைக் கொடுத்து "இங்க ரேகை வையி" என்றால் வைத்துவிடுவார்கள். எதற்கு வைத்தோம் என்று தெரியாது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் ஆரம்பித்ததே எங்கள் மாவட்டத்தில், சாமனப்பள்ளியில். குறை மட்டும் சொல்லக்கூடாது, பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கு வருகிறது. முன்பு அதற்காக அரை நாள் போகும். எங்கள் கிராமத்துக்கு வரும் தன்னார்வலப் பெண் கன்னடத்தில் பேசுவார், அதனாலேயே கிழவிகள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்கள். அதே திட்டத்தில் பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பதும் இருக்கிறது. ஆனால் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஊர்களில் அவர்களை நான் பார்த்தது அபூர்வம்.

ரேஷனும் அப்படித்தான். வயதானவர்களுக்கு வீட்டிலேயே பொருள் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. தார் ரோடு உள்ள ஊருக்கு வண்டி வரும். வண்டி ஏறாத ஊரில் "கீழே வந்து வாங்கிக்கோ" என்கிறார்கள். அப்புறம் அது எப்படி வீட்டுக்கு வந்ததாகும்?

7. ஊத்தங்கரை இ-சேவை

உதவித்தொகை மனுக்களை தினமும் பதிவேற்றுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மனு எங்கே சாகிறது என்று எனக்குத் தெரியும்.

ஒன்று, ஆதாரில் வயசு. அந்தக் காலத்தில் முகாம் போட்டு வரிசையாக உட்கார வைத்து "உத்தேசமா எவ்வளவு?" என்று கேட்டு அடித்தார்கள். பேரனுக்குக் கல்யாணம் முடிந்த அம்மாவுக்கு ஆதாரில் 54 வயசு. பிறந்த தேதியை ஒரே ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், அதற்கும் சான்று கேட்பார்கள். 1950-களில் கொட்டாயில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது?

இரண்டு, "மகன் இருக்கிறார்" என்று எழுதித் தள்ளுபடி செய்வது. மகன் இருக்கிறார், உண்மைதான். பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார், அவருக்கே மூன்று பிள்ளைகள். அவர் பணம் அனுப்புகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. நேரில் வந்து விசாரிக்காமலே அறிக்கை போகிறது என்பது என் சந்தேகம்.

இதற்கு என் யோசனை: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொரு தாலுகா ஆபீஸுக்கும் ஒரு மனு. போன வருஷம் எத்தனை உதவித்தொகை மனு வந்தது, எத்தனை தள்ளுபடி, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன. கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கலெக்டரைப் பாருங்கள். "நிறைய பேருக்கு வரலை சார்" என்று சொல்வதற்கும், "இந்தத் தாலுகாவில் இத்தனை பேரை இந்தக் காரணத்துக்காகத் தள்ளியிருக்கிறீர்கள்" என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

8. உண்மைவிளம்பி

எல்லாத்துக்கும் அரசாங்கமே வேணும்னா வரியை யார் கட்டுறது? எங்க தாத்தா 80 வயசு வரைக்கும் ஏர் ஓட்டினார்.

9. ஓசூர் ஷிப்ட்

உங்கள் தாத்தாவுக்கு வணக்கம். அவர் வாங்கிய தீப்பெட்டிக்கும் வரி கட்டித்தான் வாங்கினார். அடுத்த பதிவுக்குப் போவோம்.

10. பி.எச்.சி. நர்ஸ் (தருமபுரி மாவட்டம்)

ஒருவரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லையே என்று காத்திருந்தேன். நம் இரண்டு மாவட்ட முதியோருக்கும் தஞ்சாவூர் முதியோருக்கும் ஒரே கோரிக்கை எழுத முடியாது. இங்கே அறுபது எழுபது வயசில் இருப்பவர்கள் வாழ்நாளில் பெரும்பகுதி ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர் குடித்தவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் பேரப்பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்றும். எலும்பில் ஏற்கெனவே படிந்ததை எடுக்காது.

கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பிப் பார்ப்பார்கள், கவனித்திருப்பீர்கள். முதுகு வளைந்து, முட்டி மடங்காமல் இருக்கும். "வாதம்" என்று சொல்லிக்கொண்டு மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவார்கள். வருஷக்கணக்கில் அதைப் போட்டால் கிட்னிக்கும் கேடு, வயிற்றில் புண்ணும் வரும்.

முட்டி மடங்காதவருக்கு அரசு கட்டிக் கொடுத்த கழிப்பறையில் குந்த முடியாது. அதனால் அதில் விறகும் உரமூட்டையும் அடுக்கிவிட்டு, விடியற்காலை இருட்டில் கம்பு ஊன்றிக்கொண்டு காட்டுப் பக்கம் போகிறார்கள். விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். நான் பார்த்த இடுப்பு முறிவுகளில் பல இப்படி வந்தவைதான். ஒரு உட்காரும் கோப்பை, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி. முதியோர் இல்லம் கட்டும் செலவோடு பார்த்தால் இதெல்லாம் ஒரு செலவே இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டியதை இப்படி எழுதுங்கள்.

ஆஸ்பத்திரி பற்றி: தனி வார்டு கேட்பதைவிட தனி வரிசை கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் மூத்தவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று பத்திரக்காரர் சொன்ன அதே 2007 சட்டத்தில் 20-ஆவது பிரிவில் இருக்கிறது. புதுசாக யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. சென்னை கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறந்தார்கள். நல்லதுதான், ஆனால் சித்தேரி மலையிலிருந்து முட்டி வலிக்குக் கிண்டிக்கு யார் போவது?

11. பாலக்கோட்டான்

நர்ஸ் மேடம், கழிப்பறை விஷயம் எங்கள் பட்டியலில் வரவே இல்லை. எங்கள் அப்பாவுக்கும் முட்டி மடங்காது. சேர்த்துவிடுகிறேன்.

பஸ் பற்றி யாராவது விவரம் சொல்லுங்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம் இருக்கிறது. ஆண்களுக்கு?

12. ஊத்தங்கரை இ-சேவை

சென்னையில் மாநகரப் பஸ்ஸில் 60 வயசு ஆனவர்களுக்கு மாதம் 10 டோக்கன் இலவசமாகக் கொடுக்கிறார்கள், 2016-இலிருந்து. அது சென்னைக்கு மட்டும். நம் ஊர்த் தாத்தா மாசம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக டிக்கெட் வாங்கியே ஆக வேண்டும். "சென்னையில் கொடுப்பதை இங்கேயும் கொடு" என்பது சுலபமாகப் புரிகிற கோரிக்கை, தயங்காமல் கேட்கலாம். ரயிலில் ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் இருந்த சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். அது எம்.பி.யிடம் போக வேண்டிய மனு.

டீச்சர் சொன்ன ரேகை பிரச்சினைக்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 70 வயது தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கிளையில் முதியோருக்குத் தனி கவுண்டரும் அதில் உண்டு. மாவட்டத்தில் எல்லா வங்கிகளையும் கூட்டி வைத்துப் பேசும் முன்னோடி வங்கி மேலாளர் ஒருவர் இருப்பார், மனுவில் ஒரு நகல் அவருக்கும் போடுங்கள்.

13. கடத்தூர் பெரியவர்

பேரன் போனில் சொல்லச் சொல்ல எழுதுகிறான். எனக்கு வயசு 74. இவ்வளவு பேர் பேசியதைப் படித்துக் காட்டினான். சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன், சங்கத்தில் எங்களில் யாராவது இருக்கிறோமா? பாலக்கோட்டார் தம்பி, உங்கள் பட்டியலில் தாலுகாவுக்கு ஒரு முதியோர் இல்லம் என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் போகமாட்டார்கள். சொந்த வீட்டுத் திண்ணையை விட்டு ஏன் போக வேண்டும்?

எங்களுக்கு வேண்டியது பகலில் உட்கார ஒரு இடம். டிவி வேண்டாம், அது வீட்டில் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. மதியம் சூடாக ஒரு சாப்பாடு, பேச நாலு பேர், பேங்கிலிருந்து வரும் கடுதாசியைப் படித்துச் சொல்ல ஒரு பிள்ளை. தாலுகா ஆபீஸில் நாற்காலி. போன முறை போனபோது இரண்டு மணி நேரம் நின்றேன், உட்காரப் படிக்கட்டுதான் இருந்தது. அதிலும் ஒருவர் வந்து "வழியில உக்காராதீங்க" என்றார்.

14. அரூர் டீச்சர் (ஓய்வு)

ஐயா சொன்னதைத்தான் பகல்நேர மையம் என்கிறார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் அன்புச்சோலை என்ற பெயரில் 25 மையங்கள், 10 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். மாநிலத்தில் 38 மாவட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிராமத்துக்கு எப்போது வந்து சேரும் என்று. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பல ஊர்களில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடமோ பழைய நூலகக் கட்டடமோ இருக்கிறது. அதன் சாவியைக் கேட்டு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். மறுநாள் அக்டோபர் 2 கிராம சபை. எழுபது வயதுக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தங்கள் வாயாலேயே கேட்கட்டும். நம் மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அதிலிருந்து தனி அலுவலர் நிர்வாகம் என்பதால் யாரைக் கேட்பது என்று பலருக்குக் குழப்பம். தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வைத்து, நகல் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

15. ஓசூர் ஷிப்ட்

சரி டீச்சர். உதவித்தொகை உயர்வை விடமாட்டேன், அது எம்.எல்.ஏ., எம்.பி. மனுவில் முதல் வரியாக வர வேண்டும். மற்றதைக் கலெக்டர் மனுவில் போடுங்கள், ஆட்சேபணை இல்லை. தகவல் உரிமை மனுக்களை ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை தாலுகாக்களுக்கு நான் போடுகிறேன்.

16. பாலக்கோட்டான்

எல்லோருக்கும் நன்றி. முதியோர் இல்லத்தை எடுத்துவிட்டேன். கலெக்டர் மனு இப்போது இப்படி நிற்கிறது: ரேகை விழாதவர்கள் பட்டியலை ஊர் வாரியாக எடுத்து வங்கி ஆளை வீட்டுக்கு அனுப்புவது, "மகன் இருக்கிறார்" என்று தள்ளிய மனுக்களை நேரில் வந்து மறுவிசாரணை செய்வது, பிசியோதெரபி ஊருக்கு வரும் நாளைப் போர்டில் எழுதிப் போடுவது, கழிப்பறையில் கோப்பையும் கைப்பிடியும், ஆஸ்பத்திரியில் தனி வரிசை, தாலுகா ஆபீஸில் நாற்காலி, வண்டி ஏறாத ஊர்களுக்கு ரேஷன் எப்படி வரும் என்பதற்கு எழுத்தில் பதில், 14567 சுவர் எழுத்து. டோக்கன் கோரிக்கை போக்குவரத்துக் கழகத்துக்குத் தனி மனு. சமுதாயக் கூடம் கிராம சபைக்கு.

கடத்தூர் ஐயா, நீங்களே சங்கத்துக்குத் தலைவராக இருக்க முடியுமா? மனுவை உங்கள் கையால் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

17. கடத்தூர் பெரியவர்

தலைவர் எல்லாம் வேண்டாம், வருகிறேன். காலை ஏழரை பஸ்ஸில் ஏறினால் பத்துக்குள் வந்துவிடலாம். பெண்கள் இரண்டு பேரையாவது கூட்டி வாருங்கள், ஆம்பளைகள் மட்டும் போனால் பாதிக் கஷ்டம் மனுவில் வராது.

18. தளி மலை

கன்னடத்திலும் தெலுங்கிலும் விளக்கிச் சொல்ல நானும் இன்னொருவரும் இருக்கிறோம். மனு நகலை வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள், அஞ்செட்டி சந்தையன்று ஆட்களைப் பார்த்துப் படித்துக் காட்டிவிட்டு ரேகை வாங்கி வருகிறேன். ரேகைக்கு மை டப்பா நானே கொண்டு போகிறேன், தாளில் விழும்.